சந்தை சந்திப்பால் வந்ததா?

புதுக்கோட்டைச் சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமை கூடும் வாரச்சந்தையைப் பற்றி எவர் பேசத் தொடங்கினாலும், ‘மக்கள் சந்திக்கும் இடமாதலின் சந்தை’ என்று ஒரு விளக்கம் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. கேட்க இனிமையாய் இருப்பது தவிர இதற்கு வேறு தகுதியில்லை. நட, நடை, வில், விலை, தொடு, தொடை என்று ஐகாரம் ஏற்றுப் பெயராகும் வினைகள் தமிழில் உண்டு. சந்தி அவ்வாறு ஆவதில்லை. சந்திப்பு என்றே ஆகும். ‘சிந்தி, சிந்தை இல்லையா?’ என்று மடக்குவார்கள். சிந்தி என்ற வினையிலிருந்து தமிழன் சிந்தையைச் செய்யவில்லை. வடமொழியின் வினையும் பெயரும் தனித்தனியே வந்து, சிந்தா என்பதன் ஆகார ஈறு இங்கே ஐகாரம் ஆயிற்று. நிந்தையின் கதையும் அதுவே.

தனித்தமிழ் அன்பர்கள் சந்தியை விட்டுச் சந்துக்குப் போவார்கள்: சந்து என்பது பொருத்து, வழிகள் கூடுமிடம், அங்கே கூடுவது சந்தை. சொல்லமைப்பில் குறையில்லை. குறை ஒலியில் இருக்கிறது. தமிழ் எழுத்தை மட்டும் பார்ப்பவர்க்கு அது கண்ணில் படாது. மெல்லினத்தை அடுத்த வல்லினத்தை மென்மையாக ஒலிப்பது நம் வழக்கம். மந்திரம், தந்திரம் ஆகிய சொற்களில் வடமொழியிலுள்ள வல்லோசைத் தகரத்தை நாம் தந்தையின் தகரம்போல் மெலித்தே சொல்கிறோம். கன்னடமும் தெலுங்கும் இரண்டு ஓசைக்கும் தனி எழுத்து வைத்திருப்பதால் அவற்றைக் கேட்பதே முறை. தெலுங்கில் சந்து என்ற சொல் மெல்லோசையோடும், சந்தையைக் குறிக்கும் ‘சந்த’ பத்து என்பதிலுள்ள வல்லோசையோடும் வழங்குகின்றன. கன்னடத்திலும் சந்தி, சந்து மெல்லோசை, ‘சந்தெ’ வல்லோசை. நம் ‘வந்து’ கன்னடத்தில் மெல்லோசையோடுதான் நிற்கிறது. ஆகவே சந்தும் சந்தையும் ஒரு வேரின் கிளைகளாக இருக்க முடியாது. சந்திக்கும் இதே விடைதான். திரள், அமைப்பு எனப் பொருள்படும் ‘ஸம்ஸ்தா’ கன்னட வாயில் சந்தெ ஆயிற்று என்ற கருத்து ஓசைக்கும் பொருளுக்கும் பொருந்துகிறது. (வேதமும் திவ்வியப்பிரபந்தமும் ஓதுவோர் ‘சந்தை சொல்வது’ சந்தஸ் வழி வந்த வேறு சொல், அதை இங்கே கலக்கக் கூடாது.)

சந்தை பிற்காலத்தில் வந்த சொல் என்பதற்கு இலக்கியமும் இடம் தருகிறது. மதுரைக்காஞ்சிக்குத் தெரிந்தவை நாளங்காடி, அல்லங்காடி, நியமம். சிலம்பின் புகாரிலும் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே இருப்பது நாளங்காடி. திருமுருகாற்றுப்படையில் சந்தி உண்டு. முருகன் உறையும் இடங்களுள் அது ஒன்று, வாணிகம் நடக்கும் இடமன்று. இராசராசன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் திரிபுவனமாதேவிப் பேரங்காடி இருக்கிறது. இதற்கு மறுப்பாகப் புதுக்கோட்டை மாவட்டத்து முனசந்தையைக் காட்டுவோர் உண்டு. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் பெயர் அவ்வூரின் பழங்கல்வெட்டில் வருவதால் அங்கே வணிகர் செல்வாக்கு இருந்தது உண்மை. இன்றைய ஊர்ப்பெயரின் ஈறு அன்றைய சந்தைதான் என்பது அதனால் நிறுவப்படாது. ஊர்ப்பெயர்கள் எப்படி உருமாறும் என்பதற்கு அதே மாவட்டத்து நார்த்தாமலையே போதும். நகரத்தார்மலை தேய்ந்து அப்படி ஆனபின், அந்த மலைக்கு நாரதரையும் கொண்டுவந்து விட்டார்கள்.

சந்தை, அங்காடி இரண்டும் ஒரே பொருள்தானே என்று கேட்டால், அவற்றோடு சேரும் வினைகளைப் பார்க்கச் சொல்வேன். சந்தை கூடும், கலையும்; அங்காடி கூடியது என்று எவரும் சொல்வதில்லை, திறப்பதும் அடைப்பதும்தான் அதற்கு. ஒன்றுக்குக் கிழமை உயிர், மற்றதற்கு இடம். நாள்தோறும் நடக்கும் உழவர் சந்தையைக் காட்டி இதை மறுக்கலாம். அது 1999இல் அரசு இட்ட பெயர். நியாயவிலை அங்காடி என்று பலகை வைத்ததும் அரசே, மக்களுக்கு அது ரேஷன் கடைதான். பலகைப் பெயரைக் கொண்டு சொல்வரலாறு எழுதலாகாது. மலையாளிக்கு அங்ஙாடி இன்னும் வாய்ச்சொல்லாக இருக்க, நமக்கு அது பலகைக்கும் பாடநூலுக்கும் உரியதாகிவிட்டது. வடகாட்டுப் பலாப்பழம் ஏலம் போகும் கமிஷன் மண்டியோ, வடக்கே இந்தியும் மராத்தியும் வழங்கும் சொல்.

பேட்டையும் சந்தையின் கூட்டாளிதான். கன்னடத்தில் பேட்டெ, தெலுங்கில் பேட்ட, மராத்தியில் பேட். புனே நகரத்துத் தெருப்பகுதிகள் பலவும் பேட் என்றே முடிகின்றன. தமிழில் இது பெருகியது ஊரை ஒட்டிப் படையும் வணிகமும் தங்கிய இடங்களில். 14ஆம் நூற்றாண்டில் விசயநகரத்துக் குமார கம்பணன் படை மதுரைக்கு இறங்கியதிலிருந்து நாயக்கர் காலம்வரை, கன்னடமும் தெலுங்கும் பேசிய அதிகாரிகளும் செட்டிகளும் இந்தச் சீமையின் வழியே போய்வந்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொண்டைமான்கள் புதுக்கோட்டையில் ஆளத் தொடங்கும்போது இரு சொற்களும் இங்கே ஊன்றியிருக்கும். சந்தைப்பேட்டை என்ற தொடரின் முன்பாதியும் பின்பாதியும் அந்தப் பாதையில் வந்தவையே என்பது என் துணிபு.