தூக்குமரத்திலிருந்து டெராபிதியா வரை

போன மாதம் பாளையங்கோட்டையிலிருந்து அக்கா போன் பண்ணினாள். "தம்பி, ஜெனி ஸ்கூல் லைப்ரரில இருந்து ஒரு புக் எடுத்துட்டு வந்திருக்கா. கதையில ஒரு பிள்ள செத்துப்போகுதாம். சர்ச்சுக்கே போகாத பிள்ள. நீ படிச்சிட்டு சொல்லு, குடுக்கலாமா வேண்டாமா?"

கேதரின் பேட்டர்சன் 1977இல் எழுதிய 'பிரிட்ஜ் டு டெராபிதியா'தான் அந்தப் புத்தகம். அக்காவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. சென்ற மழைக்காலத்தில் ஜெனியோடு படித்த பிள்ளை ஒருத்தி காய்ச்சலில் இறந்துபோனாள். இந்துக் குடும்பம். அன்று இரவு ஜெனி, "அவ இப்ப எங்கம்மா இருப்பா?" என்று கேட்டாள். அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை.

அடுத்தவர் எழுதிய கோடை ரிவ்யூ பண்ணுவது எனக்குத் தினசரி வேலை. ஆனால் இதை அப்ரூவ், ரிஜெக்ட் என்று முடித்துவிட முடியவில்லை. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு எந்தக் கதை ஆகும், எது ஆகாது என்று முன்பு தீர்மானித்தவர்கள் யார் என்று தேடிப் போனேன்.

தேடல் இங்கிலாந்தில் சாரா டிரிம்மரிடம் போய் நின்றது. பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். 1802 முதல் 1806 வரை 'தி கார்டியன் ஆஃப் எஜுகேஷன்' என்ற பத்திரிகையை நடத்தி, சிறுவர் புத்தகங்களை வரிசையாக மதிப்பிட்டவர். சிறுவர் நூல்களுக்கு ஒழுங்காக விமர்சனம் எழுதும் வழக்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். தேவதைக் கதைகள் அவருக்கு ஆகாது. சிண்ட்ரெல்லா கதைகூடப் பொறாமையையும், மாற்றாந்தாய் மீது வெறுப்பையும் பிள்ளைகள் மனதில் விதைக்கும் என்று நினைத்தார். வேடிக்கை என்னவென்றால், 1786இல் அவரே எழுதிய கதையில் ராபின் குருவிகள் பேசும்! குருவிகள் நிஜமாகப் பேசுவதாக நினைத்துவிடக் கூடாது என்று முன்னுரையிலேயே எச்சரித்துவிடுகிறார்.

அடுத்து மேரி மார்த்தா ஷெர்வுட். ராணுவ அதிகாரியின் மனைவியாக இந்தியா வந்து, கான்பூர், மீரட் என்று கணவரின் படைப்பிரிவோடு அலைந்தவர். இங்கே ஹென்றி, லூசி என்ற இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தார். பிறகு பிறந்தவர்களுக்கும் அதே பெயர்களை வைத்தார். ஊர் திரும்பிய பின் 1818இல் வெளியிட்ட 'ஃபேர்சைல்ட் குடும்ப வரலாறு' நாவலில் வரும் பிள்ளைகளின் பெயர்கள்: லூசி, எமிலி, ஹென்றி.

ஒருநாள் இந்த மூவரும் ஒரு பொம்மைக்காகச் சண்டை போடுகிறார்கள். அப்பா அடிக்கிறார். அதோடு விடவில்லை, காட்டுப்பக்கம் கூட்டிப் போகிறார். அங்கே தூக்குமரத்தில் சங்கிலி மாட்டி ஒரு பிணம் தொங்குகிறது. அண்ணன் தம்பிச் சண்டை முற்றி, கூடப் பிறந்தவனையே கொன்றவனின் பிணம். அதன் கீழே நிற்கவைத்துப் பாடம் நடக்கிறது. இன்னொரு இடத்தில், சொல் கேளாமல் மெழுகுவத்தியோடு விளையாடிய அகஸ்டா என்ற சிறுமி எரிந்து சாகிறாள்.

பக்தியுள்ள வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்ட புத்தகம் இது. பின்னால் வந்த பதிப்புகள் சிலவற்றில் தூக்குமரக் காட்சியை வெட்டிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆக, பிணம் வருகிறது, பிள்ளை சாகிறது என்பதெல்லாம் அன்று ஒரு புத்தகத்தை ஒதுக்கக் காரணமாக இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு தப்பு இருக்க வேண்டும். அகஸ்டா ஏன் செத்தாள்? சொன்ன பேச்சு கேட்கவில்லை. கணக்கு சரி.

பேட்டர்சனின் நாவலில் இந்தக் கணக்கு உடைகிறது. அவரும் வேதாகமம் அறியாதவர் இல்லை. சீனாவில் மிஷனரித் தம்பதிக்கு 1932இல் பிறந்தவர், ஜப்பானில் தானே மிஷனரியாக இருந்தவர், ஒரு போதகரின் மனைவி. 1974இல் அவருடைய மகனின் எட்டு வயதுத் தோழி கடற்கரையில் மின்னல் தாக்கி இறந்தாள். மகனின் துக்கத்துக்கு அர்த்தம் தேடி எழுதிய கதை இது. கதையில் ஜெஸ், லெஸ்லி இருவரும் ஓடையைக் கயிற்றில் ஊஞ்சலாடித் தாண்டி, காட்டில் ஒரு கற்பனை ராஜ்ஜியம் நடத்துகிறார்கள். ஜெஸ் ஊரில் இல்லாத ஒருநாள் கயிறு அறுந்து லெஸ்லி இறந்துபோகிறாள். அவள் என்ன தப்பு செய்தாள்? ஒன்றுமில்லை. கயிறு பழசு, அவ்வளவுதான்.

இந்த நாவல் 1978இல் நியூபெரி பதக்கம் வாங்கியது. 1990களில் அமெரிக்க நூலகங்களில் அதிகம் ஆட்சேபிக்கப்பட்ட பத்துப் புத்தகங்களுக்குள்ளும் வந்தது. கெட்ட வார்த்தை, ஆண்டவர் பெயரை வீணாகச் சொல்வது, மந்திர உலகம், சாவு என்று புகார்கள். எனக்கென்னவோ, உள்ளே இருந்த நிஜமான பயம் காரணமில்லாத சாவுதான் என்று படுகிறது. ஆனால் யோபுவின் கதை என்ன? பிள்ளைகளைப் பறிகொடுத்தவனிடம் "நீ ஏதோ பாவம் பண்ணியிருப்பாய்" என்று கணக்குப் பார்த்த நண்பர்கள்மேல்தானே கடைசியில் ஆண்டவருக்குக் கோபம் வருகிறது!

லெஸ்லி சர்ச்சுக்குப் போய் வளர்ந்தவள் இல்லை. ஒரு ஈஸ்டர் அன்று ஜெஸ் குடும்பத்தோடு போகிறாள், இயேசுவின் கதை அழகாக இருக்கிறது என்கிறாள். நம்பாவிட்டால் நரகம் என்று ஜெஸ்ஸின் குட்டித் தங்கை பயப்படுகிறாள். லெஸ்லி இறந்தபின் அந்தப் பயம் ஜெஸ்ஸைப் பிடித்துக்கொள்கிறது. அதிகம் பேசாத, முரட்டு அப்பா அவனைத் தூக்கி அணைத்துக்கொண்டு, கடவுள் சின்னப் பிள்ளைகளை நரகத்துக்கு அனுப்ப மாட்டார் என்று சொல்கிறார்.

இந்தப் பதிலை எல்லா சபைகளும் ஒத்துக்கொள்ளாது. அக்காவின் சபையும் ஒத்துக்கொள்ளுமா என்றால், சந்தேகம்தான். அதனால் "கண்ண மூடிட்டு குடு" என்று நான் சொல்லவில்லை.

"நீயும் கூட உக்காந்து படி. அந்த அப்பா பேசுற இடம் வரும். அங்க நிறுத்து. ஜெனி உன்ன பாப்பா. அவர் சொன்னது உனக்குச் சரினு பட்டா சரினு சொல்லு, தெரியலன்னா தெரியலனு சொல்லு. அந்தக் கேள்வி புக்ல இருந்து வரல அக்கா, அது ஏற்கெனவே உங்க வீட்டுலதான் இருக்கு."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனாவது பக்கம்?" என்றாள்.