கம்பி கட்டி நிமிர்ந்த கம்பங்கள்

 

நெல்லியடிச் சந்தியிலிருந்து கரவெட்டிப் பக்கமோ வதிரிப் பக்கமோ ஒழுங்கைகளுக்குள் போகிறவர்கள் கொஞ்சம் அண்ணாந்து பார்த்தால், எங்காவது ஒரு வளவில் துருவேறிய பைப் கம்பம் ஒன்று இன்னும் கண்ணில் படும். உச்சியில் அன்ரெனா இருக்காது. பழைய இரும்பு எடுப்பவர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ஆகவே இதை எழுதுகிறோம்.

முதலில் வந்தது றேடியோ. இலங்கையில் வானொலி ஒலிபரப்பு முறைப்படி தொடங்கியது 1925 டிசம்பர் 16இல். அந்தக் காலத்து வால்வு றேடியோவுக்கு வீட்டு முகட்டிலிருந்து பனைக்கோ தென்னைக்கோ நீளமாக ஒரு செம்புக்கம்பி இழுக்க வேண்டும். இரண்டு நுனியிலும் கோழிமுட்டை அளவில் ஒரு பீங்கான் இருக்கும். அந்தப் பீங்கானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். இரு பக்கக் கம்பிகளும் அதற்குள் ஒன்றை ஒன்று கொளுவியபடி போகும். மின்சாரம் கடக்காது, ஆனால் பீங்கான் நொறுங்கினாலும் கம்பிகள் ஒன்றில் ஒன்று மாட்டி நிற்கும், கீழே விழாது. இன்றும் மின்கம்பத்து ஸ்ரே கம்பியில் அதைக் காணலாம். இவ்வளவு சின்னப் பொருளில் இவ்வளவு யோசனை!

எங்கள் வீடுகளில் றேடியோவின் அருமை தெரியும் நாள் ஒன்று உண்டு. ரமழான் 29ஆம் நோன்பு திறந்த பிறகு, கொழும்பிலிருந்து பிறை அறிவித்தல் வரும்வரை நாளை நோன்பா பெருநாளா என்று தெரியாது. இரைச்சலுக்குள் அந்த ஒரு வசனம் தெளிவாகக் கேட்டால் போதும்.

உயரக் கம்பங்களின் காலம் ரி.வி.யோடு வந்தது. சென்னைத் தூரதர்ஷன் 1975 ஓகஸ்ட் 15இல் தொடங்கியது. கொழும்பில் ஐ.ரி.என். 1979 ஏப்ரலில்தான் வந்தது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல். ஆகவே தமிழில் படம் வேண்டுமென்றால் வடமராட்சிக்காரன் பார்த்த திசை வடக்கு. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், நெல்லியடிக்கு ஏறத்தாழ நேர் வடக்கே சென்னை இருக்கிறது. தூரம் சுமார் 360 கிலோமீற்றர், பெரும்பகுதி கடல்.

60 அடிக் கம்பத்தின் உச்சியிலிருந்து றேடியோ அலைக்குரிய அடிவானம் ஏறக்குறைய 17 கிலோமீற்றர்தான். பிறகு எப்படிச் சென்னை தெரிந்தது? கடலின் மேல் வெப்பக் காற்றும் ஈரக் காற்றும் அடுக்கடுக்காகப் படியும்போது அலை மேலே தப்பிப் போகாமல் வளைந்து வளைந்து வரும். கடல் அமைதியான வெக்கை நாட்களில் படம் கண்ணாடி போல இருக்கும். மாரியில் வெறும் புள்ளிமழை. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' தெரியுமா தெரியாதா என்பது அன்றைய வானத்தைப் பொறுத்தது. கம்பத்தின் வேலை, சுற்றியுள்ள பனைகளையும் கூரைகளையும் தாண்டி அந்த மெல்லிய அலையைப் பிடிப்பது. பின்னர் கொடைக்கானல் மலையிலிருந்து ஒளிபரப்பு வந்ததும் அன்ரெனாக்கள் மேற்கே திரும்பின. கீழே ஒருவர் பைப்பைத் திருக, உள்ளேயிருந்து மற்றவர் "கொஞ்சம் இஞ்சால... காணும், காணும்!" என்று கத்துவது அக்காலத்து ஒழுங்கைகளின் சத்தம்.

இனிக் கம்பி. 60 அடிப் பைப் தன் பலத்தில் நிற்காது. அதை நிறுத்துவது கம்பிதான். எங்கள் ஊரில் ஸ்ரே என்போம். மூன்று திசைக்குச் சம கோணத்தில் மூன்று கம்பி. உயரம் கூடினால் இருபது முப்பது அடிக்கு ஒரு தட்டு வீதம் மேலும் மூன்று மூன்று. கம்பிக்கு இழுக்க மட்டுந்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் இரண்டு போதாது.

பலர் பிழைவிட்டது முளை அடிக்கும் இடத்தில். வளவு சிறிது, பக்கத்து வீட்டு வேலிக்கு அப்பால் போக முடியாது. ஆகவே கம்பத்துக்குக் கிட்டவே முளையை அடித்துவிடுவார்கள். கம்பி கட்டிய உயரத்தின் அளவுக்கே தள்ளி முளை அடித்தால், காற்று பக்கவாட்டில் தள்ளும் அதே அளவு பாரம் கம்பத்தைக் கீழே அமுக்கும். அந்தத் தூரத்தைக் கால்வாசியாக்கினால் அமுக்கும் பாரம் நான்கு மடங்கு. பைப் சாய்வதில்லை, நடுவில் மடியும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தள்ளலும் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். இன்னொன்று, வசதி என்று பனையில் கட்டுவது. பனை ஆடும். அது ஆட ஆடக் கம்பி தளர்ந்து இறுகி, கடைசியில் முடிச்சடியில் அறும். அலவாங்கு சுண்ணக்கல்லில் மோதிக் கை வலித்தாலும் கிடங்கு வெட்டிக் கொங்கிறீட் போட்டவன் கம்பம்தான் நின்றது.

இந்தப் பாடம் பெரியவர்களையும் விடவில்லை. மார்க்கோனி அத்திலாந்திக்கைத் தாண்டிச் செய்தி அனுப்ப இங்கிலாந்தின் போல்டுவில் 200 அடிக் கம்பங்கள் இருபதை வட்டமாக நட்டார். உச்சிகளை ஒன்றோடொன்று கம்பியால் பிணைத்திருந்தார்கள். இது ஆபத்து என்று அங்கிருந்த பொறியியலாளர் விவியன் முன்பே சொன்னார். 1901 செப்ரெம்பர் 17 புயலில் ஒன்று சரிய, இருபதும் சரிந்தன. அவசரமாக இரண்டு கம்பத்தோடு வேலையை முடித்து, மறு கரையில் காற்றாடியில் கம்பியைப் பறக்கவிட்டு, அவ்வருடம் டிசம்பர் 12இல் சைகை கேட்டதாக அறிவித்தார். போலந்தின் 646 மீற்றர் வானொலிக் கம்பம் உலகிலேயே மிக உயரமானதாக இருந்தது. 1991 ஓகஸ்ட் 8இல் அது விழுந்தது புயலால் அல்ல, ஸ்ரே கம்பி மாற்றும் வேலையின்போது.

எங்கள் ஆட்களுக்கு இந்தக் கைவேலை எங்கிருந்து வந்தது? பத்திரம் காட்ட முடியாது, ஆனால் ஒன்றைச் சொல்லலாம். இங்கிருந்து சைக்கிள் தூரத்தில் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை போனது. பாய்மரத்தைக் கயிற்றால் நிமிர்த்தத் தெரிந்த ஊருக்கு ஒரு பைப்பை நிமிர்த்துவது பெரிய காரியமா?

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்க மின்சாரம் நின்றது. ரி.வி. அணைந்தது, கம்பங்கள் மட்டும் நின்றன. ரூபவாஹினியை வடக்குக்குத் தந்த கொக்காவில் கோபுரமும் அவ்வருடமே அழிந்தது. 174 மீற்றர் உயரத்தில் அது மீண்டும் எழுந்தது 2011இல். பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பி.பி.சி. தமிழோசை கேட்ட காலம் அது. அவ்வருடம் ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, றேடியோப் பெட்டியைக்கூடக் கொண்டுபோக முடியவில்லை. கம்பத்தை யார் நினைத்தார்கள்? நாட்டிய வீட்டுக்காரர் போன பிறகும், கட்டிய கம்பி இறுகியிருந்தவரை அவை நின்றன.

மாரி வருகிறது. இன்னும் கம்பம் நிற்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்: முளையடியில் கம்பி துருவேறியிருக்கிறதா பாருங்கள். கழற்றுவதானால் ஒரு பக்கக் கம்பியை முதலில் அறுத்துவிடாதீர்கள். மேலே கயிறு கட்டிப் பிடித்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும். விழுந்தால் எட்டும் தூரத்தில் மின்சார லைன் இருந்தால் கை வைக்கவே வேண்டாம், மின்சார சபைக்குச் சொல்லுங்கள்.

கழற்றும் முன் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். எத்தனை அடி, எத்தனை கம்பி, எதில் கட்டியது, முதலில் என்ன தெரிந்தது என்பதையும் எழுதுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.