கேட்டதைக் கேட்டவாறே எழுதியவர்

திருவக்கரைக்குச் சென்றவர்கள் அங்குள்ள கல்மரங்களைக் கண்டிருப்பார்கள். இரண்டு கோடி ஆண்டுகட்கு முந்திய மரங்கள் கல்லான பின்னும் அவற்றின் வரியோட்டம் அழியவில்லை. வாய்ச்சொல்லுக்கு அந்தப் பேறு இல்லை. சொன்னவர் மறைந்தால் சொல்லும் மறைந்துவிடும். அவ்வூருக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் நெடுநாள் வாழ்ந்து, 2021 மே 17இல் மறைந்த கி. ராஜநாராயணன், அந்த இழப்பைத் தடுக்கப் பாடுபட்டவர்.

1923இல் கோவில்பட்டிக்கு அருகேயுள்ள இடைசெவலில் பிறந்தார். வீட்டுமொழி தெலுங்கு, தொழில் உழவு, விவசாயிகள் கிளர்ச்சியில் சிறையும் கண்டவர். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியபோதும் மழையையே பார்த்திருந்ததாகத் தம்மைப்பற்றி வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார். அத்தகையவரைப் பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் நாட்டுப்புறவியல் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அங்கும் மாணவர் துணையோடு புதுவை வட்டாரக் கதைகளைத் திரட்டினார்.

1982இல் வெளிவந்த அவருடைய கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு பஸராவின் இமாம் அஸ்மஈ அவர்களின் நினைவு வரும். எட்டாம் நூற்றாண்டில் பிறந்த அப்பேரறிஞர், பாலைவனத்து நாட்டுப்புற அரபியரிடம் சொற்களைக் கேட்டுத் திரட்டி, ஒட்டகத்திற்கும் குதிரைக்கும் தனித்தனி நூல் செய்தவர். கி.ரா.வுக்குப் பாலைவனம் கரிசல் காடு, ஆசிரியர்கள் உழவர்கள். பாலுறவுக் கதைகளையும் அவர் தள்ளாமல் தொகுத்தார். அத்தொகுப்பை நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் நான் கொடுக்கமாட்டேன் என்பது வேறு செய்தி.

1976இல் வந்த 'கோபல்ல கிராமம்' நாவலில், துலுக்க ராஜா ஒருவன் பெண் கேட்டதனால் ஊரைவிட்டு ஓடிவந்த கதையைப் பூட்டி மங்கத்தாயாரு சொல்லுகிறார். படிக்கையில் நம் மனம் சுருங்கத்தான் செய்யும். ஆயினும் அது அம்மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. அப்படித்தான் நடந்தது என்பதற்கு அது சான்றாகாது. அப்படிச் சொல்லிவந்தார்கள் என்பதற்கே சான்று. ஹதீஸ் கலை வல்லோர் பலவீனமான அறிவிப்புகளையும் அறிவிப்பாளர் பெயரோடு பதிந்து வைத்தார்கள் அல்லவா? தரம் பிரிப்பது அடுத்த வேலை. நமக்கு உவப்பில்லை என்பதற்காக அவர் அதை மாற்றி எழுதியிருந்தால், அவருடைய மற்ற கதைகளையும் நான் நம்பியிருக்கமாட்டேன்.

அவர்களுடைய பூட்டி சொன்னது நூலாகிவிட்டது. நம் பூட்டிமார் சொன்னவை?

சிறுவயதில் பள்ளிக் கட்டுரையில் 'ஆணம்' என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துக் 'குழம்பு' என்று திருத்தினார். வீட்டிற்கு வந்து நன்னியிடம் சொன்னேன். "குழம்பு வேறு, ஆணம் வேறு அத்தா" என்று சொல்லி, அடுப்படியில் அமர்ந்தவாறே இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை நெடுநேரம் விளக்கினார். அதை நான் எழுதி வைக்கவில்லை.