நாற்றுப் பருவமும் வெப்பநிலையும்

விதை முளைத்துச் சொந்த வேரில் நிலைகொள்ளும் வரையுள்ள பருவத்தில்தான் வெப்பமும் குளிரும் செடியை எளிதில் வீழ்த்துகின்றன. நாற்றின் திசுவில் நீர் மிகுதி, சேமிப்பு குறைவு. போதாததற்கு, அதன் தண்டும் குருத்தும் நிலமட்டத்தை ஒட்டிய சில அங்குலத்துக்குள் அடங்குகின்றன. பகலில் அதிகம் சூடேறுவதும் தெளிந்த இரவில் அதிகம் குளிர்வதும் அந்த அடுக்கே.

முளைப்புக்குக் கீழ்வரம்பு, உகந்த நிலை, மேல்வரம்பு என மூன்று புள்ளிகள் உண்டென்று 1860இல் அளந்து காட்டியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் யூலியஸ் ஸாக்ஸ். அவர் கணக்கில் கோதுமைக்கு அவை 5, 28.7, 42.5 பாகை செல்சியஸ், மக்காச்சோளத்துக்கு 9.5, 33.7, 46.2. தசமப் புள்ளி வரையிலான துல்லியம் சற்று மிகைதான். ஆனாலும் மூன்று புள்ளி என்ற சட்டகம் இன்றும் அசையவில்லை.

உறைபனி ஆராய்ச்சி இதைவிடப் பழையது. 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிர் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தபின், இயற்கை அறிஞர்களான துயமேலும் புஃபோனும் 1737இல் பனிச்சேதம் பற்றிப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் எழுதினார்கள். நீர் உறைந்து விரிந்து செடியின் குழாய்களை வெடிக்கச் செய்கிறது என்பதே நெடுநாள் நம்பிக்கை. உறைந்த திசுவில் செல்கள் கிழிவதில்லை என்று 1830இல் தாவரவியலாளர் கோப்பெர்ட் காட்டினார். 1880களில் முல்லர்-துர்காவ் காரணத்தையும் சொன்னார்: பனிக்கட்டி செல்களுக்கு இடையில் உருவாகி உள்ளிருக்கும் நீரை உறிஞ்சுகிறது, செல் வறண்டு சாகிறது.

சாவு எப்போது நேர்கிறது என்பதில் பெரிய வழக்கு நடந்தது. உறைந்த செடி உயிரோடுதான் இருக்கிறது, சட்டென உருகுவதே அதைக் கொல்கிறது என்றார் ஸாக்ஸ். உறைதலே கொல்கிறது என்ற கோப்பெர்ட் சோதனைக்கு எடுத்துக்கொண்டது, செல் செத்தால் நீலமாகும் வெண்ணிற ஆர்க்கிட் பூக்களை. உருகக் காத்திராமல், உறைந்த நிலையிலேயே அவை நீலம் பாய்ந்தன. தீர்ப்பு கோப்பெர்ட் பக்கம். ஆயினும் நீலகிரியில் வெயில் ஏறுமுன் புல்தரையில் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் ஸாக்ஸின் கட்சியையே பின்பற்றுகிறது. அங்கே இளந்தேயிலையைத் தாகை என்னும் உள்ளூர்ச் செடி கொண்டு மூடுவது இதைவிடச் சரியான முறை. அந்த மூடல் நிலத்தின் சூடு இரவில் வானுக்குப் போய்விடாமல் தடுக்கிறது.

உறையாமலேயே குளிர் கொல்லும் என்பதைத் தனி வகையாகப் பிரித்தவர் ஹான்ஸ் மோலிஷ் (1897). பூசணி, வெள்ளரி, புகையிலை போன்ற வெப்பநாட்டுச் செடிகளுக்கே இந்தத் தொல்லை. ஸாக்ஸின் சோதனை ஒன்று இதை நன்கு காட்டும்: ஈரமண் நிறைந்த தொட்டியில் பூசணிச் செடியின் வேர்ப்பகுதியை மட்டும் 5 பாகைக்குக் கீழே குளிர்வித்தால் இலை தொங்கிவிடும், தொட்டியைச் சூடாக்கினால் நிமிரும். குளிர்ந்த வேர் நீரை எடுக்காது. செல்சவ்வின் கொழுப்பு இறுகுவதே அடிப்படைக் காரணம் என்று லயன்ஸ் 1973இல் தந்த விளக்கத்தை முதன்மையாகக் கொள்ளலாம்.

நெல்லில் இந்தக் கணக்கு பயிரின் கட்டத்துக்கு ஏற்ப மாறும். நெல் ஆய்வாளர் யோஷிதா 1981இல் தந்த அட்டவணைப்படி முளைப்பின் கீழ்வரம்பு 10 பாகை, வேர்பிடிப்புக்கோ 16. ஆக, முளைத்துவிட்டதே என்று நம்பி நடவு செய்தால் நாற்று நாள்கணக்கில் பச்சை பிடிக்காமல் மஞ்சளாக நிற்கும். ஜப்பானின் குளிர்ப் பகுதிகளில் 1940களில் நாற்றங்காலை எண்ணெய்த் தாளால் மூடத் தொடங்கியது இதற்காகவே. பின்னர் அந்த இடத்தை நெகிழித்தாள் பிடித்தது.

வெப்பச் சேதத்தின் தனி அடையாளம் கழுத்துச் சூடு. வெயிலில் காய்ந்த மேல்மண் 50 பாகையைத் தாண்டும்போது தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் திசு வெந்து சுருங்குகிறது. இலை சில நாள் பச்சையாகவே இருந்து, பிறகு நாற்று மடிந்து விழும். இதை நாற்றழுகல் நோய் என்று எண்ணி மருந்து தெளிப்போர் உண்டு. பிடுங்கிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: சூட்டுச் சேதத்தில் வேர் வெண்மையாகவே இருக்கும், சுருக்கம் மண்மட்டத்தில் மட்டும். ஜெர்மானிய வன நாற்றங்கால்களில் எர்ன்ஸ்ட் மியூன்ச் 1910களில் இதை விரிவாக ஆராய்ந்தார்.

சூடு தாக்கும்போது செடி உருவாக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் பற்றிய ஆய்வு 1980களிலிருந்து சோயா நாற்றுகளில் வளர்ந்துள்ளது. நடைமுறையிலோ, வெயிலின் சூட்டைக் குறைக்கத் தற்போது காய்கறி நாற்றுகள் நிழல்வலைக் குடிலில், தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் வளர்க்கப்படுகின்றன.