பஸ்ர் கதூனா: ஒரு விதையின் வரலாறு

மலச்சிக்கலுக்கு இரவில் நீரில் கலந்து அருந்தும் இஸப்கோல் உமியை அறியாதார் நம்மிடையே சிலரே. பாரசீகத்தில் 'அஸ்ப்' என்பது குதிரை. 'கோல்' என்பதற்குக் காது எனப் பொருள் கூறுவர். வடிவம் கண்டு இட்ட பெயர் இது. கிரேக்கரோ இவ்வின விதையைத் தெள்ளுப்பூச்சிக்கு ஒப்பிட்டு 'ஸில்லியோன்' என்றனர். இன்று மருந்துக் கடைகளில் வழங்கும் 'சைலியம்' அதன் வழிவந்ததே. அரபு மருத்துவ நூல்களில் இதன் பெயர் 'பஸ்ர் கதூனா'. இப்னு சீனா (980–1037) தமது 'அல்கானூன்' நூலில், தனி மருந்துகளை விவரிக்கும் இரண்டாம் பாகத்தில் இதற்கு இடமளித்துள்ளார்.

யூனானி ஹக்கீம்கள் ஊறவைத்த விதையை மலமிளக்கவும், வறுத்த விதையை வயிற்றுப்போக்கைக் கட்டவும் கொடுத்து வந்தனர். ஒரே விதை எதிரெதிரான இரு நோய்களுக்கு மருந்தாவது எங்ஙனம்? இதன் உமி நீரை ஏற்றுக் கூழாகிறது. அக்கூழ் இறுகிய மலத்தை இளக்கும். நீர்த்த மலத்தைத் திரட்டும். ஹக்கீம்கள் அனுபவத்தில் கண்டதற்கு இன்றைய ஆய்வு தரும் விளக்கம் இது.

குடலில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிய ஆய்வுகள் பெருகியுள்ள இக்காலத்தில், 'இதனையும் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்' என்று கூறுவோர் உளர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. லேவன்ஹூக் தம் உருப்பெருக்கியில் கண்ட நுண்ணுயிர்களை 1676-இல் விவரித்தார். இப்னு சீனா மறைந்து அப்போது 639 ஆண்டுகள் கழிந்திருந்தன. மேலும், இஸப்கோல் உமி பாக்டீரியாக்களுக்கு எளிதில் இரையாவதன்று. அவை அதனைப் பெரிதும் சிதைக்க இயலாமையினாலேயே கூழ் இறுதிவரை நிலைத்துப் பயன் தருகிறது.

பாக்டீரியாக்கள் விரும்பி உண்பவை வேறு. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள இன்யூலின், பருப்பு வகைகளின் நார் முதலியவற்றை அவை நொதிக்கச் செய்து கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் பியூட்டிரேட் என்பது பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருள். இன்யூலினைத் தனி மாவாக உண்போரிடம் பிஃபிடோபாக்டீரியா என்னும் இனம் பெருகுவதும், அளவு மிகுந்தால் வயிறு உப்புவதும் அறியப்பட்டவை. ஆகவே நார் என்பது ஒரே பொருளன்று. ஒன்றின் பயனை மற்றொன்றின் மேல் ஏற்றுதல் தகாது. இஸப்கோலைப் போதிய நீருடனேயே அருந்த வேண்டும். இன்றேல் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளக்கூடும். பலவகை நாருள்ள உணவுக்கு அது ஈடாகாது.

காரணம் புலப்படாத காலத்திலும் காரியத்தைக் கூர்ந்து நோக்கிப் பதிவு செய்தனரே, அதுவே அம்முன்னோரின் பெருமை. அவர்கள் அறியாததை அவர்கள் பெயரால் உரைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதையன்று.