படம் மட்டும் போதாது: இணையக் கடைப் பதிவுகளைப் பகிர்வோர் கவனத்திற்கு

மலாக்கா, அலோர் காஜா மாவட்டத்தின் கடலோரப் பட்டணமான கோலா சுங்கை பாருவில் வீட்டில் சுட்ட முறுக்கையோ தைத்த ரவிக்கையையோ விற்க இன்று கடை வாடகை தேவையில்லை. கைப்பேசியில் படமெடுத்து முகநூலிலும் புலனக் குழுவிலும் போட்டாலே தோட்டம், பட்டணம் எங்கும் போய்ச் சேரும். ஆனால், படம் பொருளைத்தான் காட்டும். விற்பவர் யார் என்பதைக் காட்டாது. ஏமாற்றுக்காரர்கள் நுழைவது அந்த இடைவெளியில்தான்.

பதிவில் இருக்க வேண்டியவை

2013 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்த பயனீட்டாளர் பாதுகாப்பு (மின்னியல் வாணிபம்) விதிமுறைகள், சமூக ஊடகத்தில் விற்போருக்கும் பொருந்தின. விற்பவர் அல்லது வணிகத்தின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, அனுப்பும் செலவு உட்பட முழு விலை, பணம் செலுத்தும் முறை, பொருள் கிடைக்கும் காலம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ‘விலைக்குத் தனியே கேளுங்கள்’ என்று எழுதுவது இதற்கு முரணானது.

வணிகம் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி. வணிகப் பெயரில் 60 வெள்ளி.

இணைப்பா, படமா?

ஷோப்பி, லஸாடா போன்ற தளங்களில் கடை வைத்திருப்போர், திரையைப் படம்பிடித்து அனுப்புவதைவிட இணைப்பை அனுப்புவதே நல்லது. இணைப்பை ஒட்டினால் பொருளின் படமும் பெயரும் பெரும்பாலும் தாமாகவே தோன்றும். அழுத்தினால் அன்றைய விலை தெரியும். திரைப்படம்பிடித்த விலையோ, சரக்கு தீர்ந்த பிறகும் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும்.

பிறர் எடுத்த படத்தை அனுமதியின்றிப் பயன்படுத்துவது 1987 பதிப்புரிமைச் சட்டத்தை மீறுவதாகும். சொந்தப் படத்தில் கடைப் பெயரைப் பதித்தால், அதை வேறொருவர் எடுத்துப் போலிக் கடை நடத்துவது கடினமாகும்.

வாங்குவோர் கவனத்திற்கு

தெரிந்தவர் பகிர்ந்தார் என்பதற்காகப் பணம் அனுப்பிவிடக் கூடாது. அவரும் யாரோ அனுப்பியதைத்தான் பகிர்ந்திருப்பார். வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ அகப்பக்கத்தில் சோதிக்கலாம். புகார் ஏதும் இல்லையென்றால் ஆள் நல்லவர் என்று பொருளாகாது; புதுக் கணக்காகவும் இருக்கலாம். ஷோப்பி போன்ற தளத்தில் கண்ட பொருளுக்கு வெளியே நேரடியாகப் பணம் கட்டினால், அத்தளம் தரும் பாதுகாப்பு கிடைக்காது.

மோசடி என்று தெரிந்தால் உடனே 997-ஐ அழைத்து, காவல் நிலையத்திலும் புகார் செய்ய வேண்டும். பணம் கைமாறுமுன் தடுக்கத் தாமதம் கூடாது. பொருளில் குறை, பணம் திரும்பக் கிடைக்காமை போன்றவற்றுக்குப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விற்றவரின் பெயரும் முகவரியும் தெரிந்தால்தான் மனுவே நகரும். அதனால், பதிவு, உரையாடல், பணம் கட்டிய ரசீது மூன்றையும் வாங்கும்போதே சேமித்து வைப்பது நலம்.