எடுத்தலும் எடுப்பித்தலும்

ஆங்கிலத்தில் ‘இரெக்ட்’ என்றொரு சொல் வழங்குகின்றது. அடைமொழியாக வருங்கால் நிமிர்ந்து நிற்பது என்றும், வினையாக வருங்கால் நிமிர நிறுத்துவது, கட்டி எழுப்புவது என்றும் அது பொருள்படும். நேராக்குதல், நெறிப்படுத்துதல் எனப் பொருள் தரும் இலத்தீன் வினையே அதன் வேர். தூணாயினும், சிலையாயினும், கோபுரமாயினும் ஆங்கிலத்துக்கு அவ்வொரு சொல்லே போதும். தமிழோ பொருளுக்கேற்ப வினையை மாற்றும். அம்மாற்றத்திலே வரலாறு பொதிந்து கிடக்கின்றது. திருவனந்தபுரத்தில் நிமிர்ந்து நிற்பவற்றைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

பழஞ்சேர நாட்டில் வழங்கிய சொல் ‘நடுதல்’. சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, கண்ணகிக்கு வஞ்சியில் படிமம் சமைத்த செய்தியைச் சிலப்பதிகாரம் கூறும். கால்கோள், நீர்ப்படை, நடுகல் என அந்நூற் காதைகளின் பெயர்களே அவ்வினையின் படிகளாகும். நாற்றுக்கும் கல்லுக்கும் நடுதல் என்பதே சொல். இரண்டும் மண்ணில் வேரூன்ற வேண்டுபவை அல்லவா?

கோபுரத்தை நடுவதில்லை, எடுப்பது வழக்கம். பத்மநாபசுவாமி கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு 1566-இல் அடிப்படையிடப்பெற்றது. அது ஏழு நிலைகளும் நிரம்பப் பெற்றது, 1758 முதல் 1798 வரை ஆண்ட கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில். இரு நூற்றாண்டு கடந்த பணி! தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் இராசராசன் தான் அதனை எடுத்ததாகக் கூறவில்லை, எடுப்பித்ததாகவே கூறுகின்றான். எடுப்பித்தலாவது பிறரைக் கொண்டு எடுக்கச் செய்தல். கல் சுமந்தோரின் பெயர்களை நாம் அறியோம். ஆயினும் அவ்வினைச் சொல்லில் அவர்களுக்கும் இடம் உண்டு.

சிலைக்கு உரிய சொல் ‘நிறுவுதல்’. குடந்தையிற் பிறந்து, 1872 வரை திருவிதாங்கூரின் திவானாக விளங்கியவர் மாதவராவ். அவர் காலத்தில், 1869-இல், முற்றுப்பெற்ற தலைமைச் செயலகத்தின் எதிரே அவருடைய சிலை நிற்கின்றது. அப்பகுதிக்கே ‘ஸ்டாச்சு’ என்று பெயர் வழங்குகின்றது. கழகத்தையும் நிறுவுகிறோம், உண்மையையும் நிறுவுகிறோம். நிலைபெறச் செய்தலே இவற்றின் பொது இயல்பு.

இனி, ‘நிமிர்த்துதல்’. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் விண்ணில் எழுந்தது. அதைத் தூக்கவேண்டிய பாரந்தூக்கி பழுதுபடவே, உடனிருந்தோர் தம் கைகளாலேயே அதனை ஏவுமேடையில் ஏற்றினர் என்று அப்துல் கலாம் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். கோபுரம் எழுந்தும் கைகளால். ராக்கெட் நிமிர்ந்தும் கைகளால்.

ஆங்கிலச் சொல் வருமிடமெல்லாம் ‘நிறுவினார்’ என்று மொழிபெயர்த்துவிட்டால் பிழையென்று கூறவியலாது. ஆனால் நட்டது, எடுப்பித்தது, நிமிர்த்தியது என்னும் வேற்றுமைகள் மறையும். அவற்றோடு உழைத்த கைகளும் மறையும். பொருத்தமான வினையைத் தேர்ந்து ஆளுதல், பெயர் பொறிக்கப்பெறாத அம்மக்களுக்கு நாம் செலுத்தும் கடனாகும்.